முதுகைத் தட்டினால் தசை முளைக்குமா?

இத்தலைப்பைக் கண்டவுடன் சிலர் இது என்ன வேடிக்கை என்று சிரிக்கக்கூடும். ஆனால் விஷயம் வேடிக்கையானதல்ல. அமெரிக்கா, கானடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் "கைரோபிராக்டிக்" என்பதாக ஒரு வைத்திய முறை வெகு காலமாய் நடந்து வருகின்றது. நோயாளியை ஒரு மேஜையின்மேல் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பைக் கையால் வெடுக்கென்று அழுத்தியும், கழுத்தைப் பிடித்துத் திருப்பியும், "டக்" என்று ஓர் ஓசை வரச்செய்து, அதனால் வியாதி நீங்கும் என்று சொல்லுவதே அந்த முறையாகும். இடுப்புப் பிடித்துக்கொண்டவனும், கழுத்துச் சுளுக்கிக்கொண்டவனும் அங்கே போனால் அதைப்பற்றி நமக்குப் பெரிய வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதே மேஜையின்மேல், தசை நாளுக்கு நாள் கரைந்துகொண்டு போகிற சிறு பிள்ளைகளையும், நரம்பு செத்துக்கொண்டு வருகிற பெரியவர்களையும் படுக்கவைத்து, "உங்கள் நரம்பின் ஓட்டத்தைத் திறந்துவிடுகிறோம், வாரத்திற்கு மூன்று தடவை வாருங்கள்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களும் அக்கூட்டத்தில் இருந்து வருகின்றார்கள். இவர்களைத்தான் நாம் சில கேள்விகள் கேட்கவேண்டியிருக்கின்றது.

முதலாவது, அந்த வியாதிகள் இன்னவை என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம்.

"டுஷேன் தசைச் சிதைவு" என்று ஒரு வியாதி. சுமார் 3500 முதல் 5000 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று வீதம் இது காணப்படுகின்றது. மூன்று நான்கு வயதில் பிள்ளை அடிக்கடி விழும். படி ஏறத் திணறும். தரையில் உட்கார்ந்தால் கையைத் தொடையின்மேல் ஊன்றி ஊன்றித்தான் எழுந்திருக்கும். கெண்டைக்கால் மாத்திரம் பருத்துப் பயில்வான் கால்போல் தோன்றும். பெற்றவர்கள் அதைப் பார்த்துப் பெருமைப்படுவதுகூட உண்டு. பிறகு பத்துப் பன்னிரண்டு வயதிற்குள்ளாக நடை நின்றுபோகும். அப்புறம் மூச்சை இழுக்கிற தசையும், இருதயமும் பலமிழந்து போகும்.

இதற்குக் காரணம் முன்ஜென்ம வினையுமல்ல, முதுகெலும்பு பிசகியதுமல்ல. 1986ஆம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்து லூயி குங்கெல் என்பவரும் அவரது கூட்டாளிகளும் இதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு உண்டாக்கவேண்டிய "டிஸ்ட்ரோபின்" என்னும் புரதம் இன்னதென்பது 1987இல் வெளியாயிற்று. தசை நார் சுருங்கி விரியும்போது அதன் மேல்தோல் கிழிந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது அந்தப் புரதந்தான். அது இல்லாத பிள்ளைக்கு நடக்க நடக்கத் தசை நார் கிழிகின்றது. கிழிந்த இடத்தில் கொழுப்பும் தழும்புமாய் நிரம்புகின்றது.

மற்றொன்று "மையஸ்தீனியா கிராவிஸ்" என்பது. இதில் நரம்பும் நன்றாயிருக்கும், தசையும் நன்றாயிருக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில், நோயாளியின் இரத்தத்திலேயே உண்டான எதிர்ப்பொருள் குறுக்கே நின்று, நரம்பின் கட்டளையைத் தசைக்குப் போய்ச் சேரவொட்டாமல் செய்யும். மூன்றாவது "ஏ.எல்.எஸ்." என்பது. இதில் மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்துகொண்டு தசையை ஏவுகிற நரம்பணுக்களே செத்துப்போகின்றன. பேர்பெற்ற அமெரிக்கப் பந்தாட்டக்காரர் லூ கெரிக் 1941இல் மாண்டது இதனால்தான்.

ஆகவே ஒன்றில் கோளாறு தசையில் இருக்கின்றது. ஒன்றில் சந்திப்பில் இருக்கின்றது. ஒன்றில் நரம்பணுவிலேயே இருக்கின்றது. மூன்றில் எதிலாவது முதுகெலும்பு நரம்பை அழுத்திக்கொண்டிருப்பது காரணமாயிருக்கின்றதா? இல்லவே இல்லை. வயலிலே பயிர் வேரழுகிச் சாகின்றது. வாய்க்காலிலே தண்ணீர் தாராளமாய் ஓடுகின்றது. ஒருவன் வந்து மதகைச் சுத்தியால் தட்டிவிட்டு, "தண்ணீரைத் திறந்துவிட்டேன், பயிர் பிழைக்கும், கூலி கொடு" என்றால் எந்தக் குடியானவனாவது கொடுப்பானா? வயலுக்குச் சம்மதியாத நியாயத்தைப் பெற்ற பிள்ளையின் உடம்புக்கு மாத்திரம் ஏன் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் நமது முதல் கேள்வி.

இரண்டாவது, இந்த முறை பிறந்த கதையைச் சற்றுக் கவனிப்போம். இதை உண்டாக்கியவர் டி. டி. பால்மர் என்பவர். அமெரிக்காவில் அயோவா மாகாணத்து டாவன்போர்ட் நகரத்தில் இருந்தவர். மளிகைக் கடை வைத்தார், தங்கமீன் விற்றார், பிறகு "காந்த வைத்தியம்" என்பதாகச் சொல்லிக் கையைத் தடவி வியாதி தீர்த்துக்கொண்டிருந்தார். மளிகைக் கடைக்காரர் வைத்தியம் கண்டுபிடிக்கக் கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். அறிவு எந்தக் குலத்துக்கும் எந்தப் பட்டத்துக்கும் சொந்தமானதல்ல. அவர் கண்டுபிடித்தது என்ன என்பதே கேள்வி.

1895ஆம் வருஷத்தில், தாம் இருந்த கட்டடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்த ஹார்வி லில்லார்டு என்பவருக்குக் காது கேளாமலிருந்ததாகவும், அவர் முதுகில் ஓர் எலும்பு தூக்கிக்கொண்டிருந்ததைத் தாம் தள்ளி உட்காரவைத்ததாகவும், உடனே காது கேட்டுவிட்டதாகவும் பால்மர் சொன்னார். இதில் ஒரு சங்கதி என்னவென்றால், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு முதுகெலும்பின் வழியாய்ப் போகிறதே இல்லை. அது மண்டையோட்டுக்குள்ளேயே காதிலிருந்து நேராய் மூளைக்குப் போய்விடுகின்றது. அப்படியிருந்தும் இந்த ஒரு கதையை அஸ்திவாரமாகப் போட்டு, மனிதனுக்கு வரும் வியாதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்பு பிசகுவதால்தான் வருகின்றன என்று ஒரு சித்தாந்தத்தையே கட்டிவிட்டார். அதற்குக் கிரேக்க பாஷையிலிருந்து பெயர் பொறுக்கிக் கொடுத்தவர் சாமுவேல் வீட் என்னும் பாதிரியார்.

அந்தப் பிசகு எதைத் தடுக்கின்றதாம்? உடம்புக்குள்ளே "பிறவி அறிவு" என்பதாக ஒன்று இருந்து, நரம்பின் வழியாய் ஓடி உடம்பை நடத்துகின்றதாம். பிசகிய எலும்பு அதன் ஓட்டத்தைத் தடுப்பதே வியாதியாம். இந்தப் பிறவி அறிவை எடை போட்டவர் யார், கண்ணாடியில் வைத்துப் பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. அதாவது ஆத்மாவிற்கு இங்கிலீஷ் சட்டை போட்டுவிட்டதைத் தவிர இதில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பால்மர் இறந்த மறு வருஷம், அதாவது 1914இல், அச்சான அவருடைய புத்தகத்தில், செத்துப்போன ஜிம் அட்கின்சன் என்கிற ஒரு வைத்தியருடைய ஆவியிடமிருந்து இந்த அறிவு தமக்குக் கிடைத்ததாகச் சொல்லியிருக்கின்றார். 1911இல் எழுதிய கடிதம் ஒன்றில், இதை ஒரு மதமாகவே ஆக்கிவிடலாமா என்று யோசனை செய்து, ஏசு, முகம்மது, மார்ட்டின் லூதர் முதலியவர்கள் வரிசையில் தம்மை மூலபுருஷராக வைத்துப் பேசுகின்றார். நம் ஊரில் ஒருவன் சுடுகாட்டு ஆவி மருந்து சொல்லிற்று என்றால், படித்தவர்கள் சிரிக்கின்றார்கள். அதே ஆவி அமெரிக்க ஆவியாயிருந்து, வெள்ளை அங்கி போட்டவர் மூலமாய்ப் பேசினால் மாத்திரம் அது சாஸ்திரமாகிவிடுமா?

அவருக்குப் பின்பு அவர் மகன் பி. ஜே. பால்மர் வந்து அதை ஒரு பெரிய வியாபாரமாக்கினார். 1924இல் முதுகின் இரு பக்கத்துச் சூட்டையும் அளந்து பிசகைக் காட்டும் என்பதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து, தம் சீடர்களுக்கே பெருந்தொகைக்கு வாடகைக்கு விட்டார். அம்மை குத்திக்கொள்ளுவதைத் தகப்பனும் மகனும் எதிர்த்தார்கள். அம்மை குத்துவதை உலகம் கைவிடாததால்தான் பெரியம்மை பூமியைவிட்டே ஒழிந்தது என்பதும், 1980இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை முரசறைந்ததும் வாசகர்கள் அறிந்ததே.

நிற்க, "தத்துவம் எப்படியாவது போகட்டும், போனவர்கள் குணமடைந்தோம் என்கிறார்களே, அதற்கென்ன சொல்லுகிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் அந்த வியாதிகளின் போக்கிலேயே இருக்கின்றது.

டுஷேன் வியாதிக்காரப் பிள்ளைக்கும் வயது ஏறும்போது மற்றப் பிள்ளைகளைப்போல வளர்ச்சி உண்டு. ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் பல பிள்ளைகள் சிதைவைவிட வளர்ச்சி சற்று முந்தி நிற்பதால், முன்னைக்கு நன்றாய் நடப்பதுபோலவும் காணப்படும். வைத்தியம் ஒன்றும் செய்யாமலிருந்தாலும் இது நடக்கும். அந்தச் சமயத்தில் மேஜையில் படுக்கவைத்தவன் "பார்த்தீர்களா என் கைராசியை" என்பான். ஏழு வயதுக்குப் பின் பிள்ளை சரிய ஆரம்பித்தால், "நீங்கள் ஒழுங்காய் வரவில்லை" என்பான். மையஸ்தீனியாவின் கதையோ இன்னும் வேடிக்கை. அதன் குணமே வேலை செய்யச் செய்யச் சோர்வதும், ஓய்வெடுத்தால் தெளிவதுமாகும். அரைமணி நேரம் ஒருவரை மேஜையின்மேல் சும்மா படுக்கவைத்திருந்தாலே எழுந்திருக்கும்போது சற்றுத் தெம்பாய்த்தான் இருக்கும். படுக்கையின் பலனைக் கையின் பலன் என்று சொல்லிக் காசு வாங்குவதற்கு என்ன பேர் வைப்பது?

மெய்யான மருந்து எப்படித் தன்னை ருசுப்படுத்திக்கொண்டது என்பதற்கும் இதே வியாதியில் அத்தாட்சி இருக்கின்றது. 1934ஆம் வருஷத்தில் லண்டனைச் சேர்ந்த கிரீனிச்சில், ஒரு சாதாரண ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்னும் பெண் வைத்தியர், மையஸ்தீனியாவின் தளர்ச்சி "குராரே" என்கிற அம்பு விஷத்தின் தளர்ச்சியைப்போலவே இருக்கின்றதே என்று யோசித்தார். அந்த விஷத்துக்கு மாற்றான பைசாஸ்டிக்மின் என்னும் மருந்தை ஒரு நோயாளிக்கு ஊசி போட்டார். தொங்கிக்கிடந்த கண்ணிமை சிறிது நேரத்தில் மேலே எழும்பிற்று; மருந்தின் வேகம் இறங்கியதும் மறுபடி தொங்கிற்று. திரும்பப் போட்டால் திரும்ப எழும்பிற்று. அவர் ஆவியைக் கேட்கவில்லை, மதம் ஸ்தாபிக்கவில்லை. பத்திரிகையில் எழுதி, யார் வேண்டுமானாலும் செய்து பாருங்கள் என்று விட்டுவிட்டார். உலகத்தார் செய்து பார்த்தார்கள், பலித்தது. கைரோபிராக்டிக்காரர் 1895 முதல் நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகத் தொழில் நடத்தியும், முதுகைத் தட்டியதால் ஒரு பிள்ளைக்காவது டிஸ்ட்ரோபின் ஊறிற்று என்று இதுவரை காட்டினார்களா?

"பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன?" என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். கெடுதல் உண்டு, சொல்லுகிறோம்.

ஒன்று, எலும்பு. டுஷேன் பிள்ளைகளுக்கு நடை சில வருஷமாவது நீடிக்கும்படி டாக்டர்கள் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கின்றார்கள். அம்மருந்து தசையைத் தாங்கினாலும் எலும்பைச் சோடையாக்கும். நடையும் குறைந்துபோவதால் எலும்பு இன்னும் மெலியும். இப்பிள்ளைகளுக்கு முள்ளெலும்பு தானாகவே நொறுங்கிப்போவது சாதாரணம். அப்படிப்பட்ட முதுகின்மேல் ஒருவன் உள்ளங்கையை வைத்து வெடுக்கென்று குத்தினால் என்ன ஆகுமென்று சொல்லவேண்டுமா? கழுத்துத் தசை பலமிழந்தவருடைய தலையைப் பிடித்துத் திருப்புவதும் அப்படியே. நல்ல பலசாலிகளிலேயே, கழுத்தைத் திருப்பியதை அடுத்து மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் கண்டவர்கள் உண்டு. அது அபூர்வந்தான். ஆனால் இலாபமே இல்லாத காரியத்திற்கு அபூர்வமான நஷ்டத்தைக்கூட ஏன் ஏற்கவேண்டும்?

இரண்டு, காலம். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. டுஷேன் வியாதியைச் சந்தேகிக்க ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். தசையிலிருந்து கசியும் "சி.கே." என்னும் பொருள் பல பத்து மடங்கு ஏறியிருப்பது அதில் தெரிந்துவிடும். அப்படியிருந்தும் அமெரிக்காவிலேயே, பெற்றோர் முதற்குறியைக் கண்டதற்கும், வியாதியின் பேர் தெரிந்ததற்கும் நடுவில் சராசரி இரண்டரை வருஷம் போய்விடுகிறதாகக் கணக்கெடுத்திருக்கின்றார்கள். இதில் டாக்டர்களுடைய அசிரத்தையும் உண்டு, நாம் மறைக்கவில்லை. ஆனால் "இடுப்பெலும்பு பிசகியிருக்கிறது, ஆறு மாதம் தட்டினால் சரியாகும்" என்கிறவன் அந்த இரண்டரை வருஷத்தை இன்னும் நீட்டுகிறவன் ஆவான். இந்த வியாதி மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயின் வழியாய் வருவது. மூத்தவனுடைய வியாதிக்குப் பேர் தெரியுமுன் தாய் அடுத்த பிள்ளையைச் சுமந்துவிடக்கூடும். அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டிய சங்கதியைத் தெரியவொட்டாமல் செய்தவன் ஒரு பிள்ளைக்கு மாத்திரமல்ல, ஒரு குடும்பத்துக்கே துரோகம் செய்தவனாகிறான்.

"கில்லன் பாரே" என்று வேறொரு நரம்பு வியாதி இருக்கின்றது. அது முதுகுவலியோடும் கால் சோர்வோடும் ஆரம்பிக்கக்கூடியது. சில நாட்களிலேயே மூச்சுத் தசைவரை ஏறக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மூச்சுக் கருவியும், இரத்த நீரை மாற்றும் சிகிச்சையும் இருப்பதால் பெரும்பாலோர் பிழைத்து நடக்கின்றார்கள். "முதுகுவலிதானே" என்று தட்டிக்கொள்ளப் போய்ப் படுத்திருக்கிற ஒவ்வொரு நாளும் உயிருக்கு உலையாகும்.

இனி எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தையும் எடுத்துக்கொள்ளுவோம். "டாக்டர்கள் சதி செய்து எங்களை ஒழிக்கப் பார்த்தார்கள்" என்கின்றார்கள். இது வாஸ்தவம். அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டிக்காரரோடு தன் அங்கத்தினர் கலக்கக்கூடாதென்று பகிஷ்காரம் செய்தது சட்ட விரோதமென்று 1987இல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. ஆனால் அந்தக் கோர்ட்டு விசாரித்தது வியாபாரப் போட்டியையே தவிர, முதுகைத் தட்டினால் வியாதி தீருமா என்பதை அல்ல. ஒரு கடைக்காரன் மற்றொரு கடையை மூடப் பார்த்தது குற்றம் என்பதால், மூடப்பட இருந்த கடையின் சரக்கு நல்லதென்று ஆகிவிடுமா?

"டாக்டர்களால் மாத்திரம் தீர்க்க முடிந்ததா?" என்கின்றார்கள். முடியவில்லை. டுஷேன் வியாதியை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் 1960களில் பதினெட்டு இருபது வயதைத் தாண்டாத அப்பிள்ளைகள், இன்று நல்ல சிகிச்சை உள்ள இடங்களில் முப்பது வயதையும் எட்டுகின்றார்கள். ஸ்டீராய்டும், இரவில் மூச்சுக்கு உதவும் முகமூடிக் கருவியும், இருதய மருந்தும், வளைந்த முதுகைக் கம்பி வைத்து நிமிர்த்தும் அறுவையும் செய்த வேலை அது. முதுகுத்தண்டுத் தசைநலிவு என்கிற மற்றொரு வியாதியில் கடுமையான வகையோடு பிறந்த குழந்தைகள் முன்பு இரண்டு வயதைக் காண்பதே அரிது. 2016இல் வந்த ஊசி மருந்துக்குப் பிறகு அவர்களில் பலர் எழுந்து உட்காருகின்றார்கள். அதே வியாதிக்கு 2019இல் வந்த வேறொரு மருந்துக்கு அப்போது ஒரு தடவைக்கு 21 லட்சம் டாலர் விலை வைத்தார்கள். இது பகல்கொள்ளை, அதைக் கண்டித்து ஏழைக்கும் கிடைக்கும்படி போராட வேண்டியதே. ஆனால் அரிசிக் கடைக்காரன் அநியாய விலை சொல்லுகிறான் என்பதற்காக மண்ணைத் தின்பவன் உண்டா?

இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2008இல் சைமன் சிங் என்ற விஞ்ஞான எழுத்தாளர், குழந்தைகளின் வயிற்றுவலி, காது நோய், ஆஸ்துமா முதலியவற்றுக்கும் முதுகைத் தட்டுவது மருந்தென்பதற்கு ஆதாரமில்லை என்று பத்திரிகையில் எழுதினார். அங்குள்ள கைரோபிராக்டிக் சங்கம் அதற்கு ஆதாரத்தை எடுத்துக் காட்டி வாயை அடைத்திருக்கலாம். அதைவிட்டு மானநஷ்ட வழக்குப் போட்டது. இரண்டு வருஷம் இழுத்தது. 2010 ஏப்ரலில் மேல் கோர்ட்டு சிங்குக்குச் சாதகமாய்த் தீர்ப்புச் சொன்னதும் சங்கம் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. அதே வருஷம் மே மாதத்தில், அத்தொழிலைச் சட்டப்படி நிர்வகிக்கிற கவுன்சிலே, முதுகெலும்புப் பிசகு என்னும் கொள்கை வியாதிகளுக்குக் காரணம் என்று சொல்ல ஆராய்ச்சி ஆதாரம் இல்லை என்பதாக அறிக்கை வெளியிட்டது. குருவின் மூல மந்திரத்தையே மடம் கைவிட்ட பிறகும், சீடர்களில் சிலர் அதை உச்சரித்துக் காணிக்கை வாங்குவது எந்த விதத்தில் நியாயம்?

அவர்களில் யோக்கியமானவர்கள் இல்லாமலில்லை. பழைய சித்தாந்தத்தை உதறிவிட்டு, முதுகுவலியோடு நிறுத்திக்கொள்ளுகிறவர்களும், வந்த நோயாளிக்குத் தசைச் சோர்வு இருப்பதைக் கண்டால் உடனே நரம்பு டாக்டரிடம் அனுப்புகிறவர்களும் உண்டு. சாதாரண இடுப்புவலிக்கு முதுகை அழுத்துவதால் ஓரளவு சுகம் கிடைக்கலாமென்று அமெரிக்க வைத்தியர் கல்லூரியே 2017இல் ஒப்புக்கொண்டிருக்கின்றது. மனிதக் கை மெதுவாய்த் தொடுவதில் ஆறுதல் இருப்பதையும் நாம் மறுக்கவில்லை. தசை வியாதிக்காரருக்கு மூட்டு மடங்கிப் போகாதபடி தினம் நீட்டிவிடுவதும், கணுக்காலுக்குக் கட்டை கட்டுவதும், நாற்காலியைச் சரியாய் அமைப்பதும் அவசியமான காரியங்கள். பிசியோதெரபி தெரிந்தவர்கள் அதைச் செய்கின்றார்கள்; தாய்க்கும் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்யச் சொல்லுகின்றார்கள். வித்தையைக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறவனையும், வாரம் மூன்று தடவை திரும்பி வா என்கிறவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே பாதி உண்மை விளங்கிவிடும்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ, உறவிலோ, கடல் கடந்து பிழைக்கப்போன உங்கள் பிள்ளைகள் வீட்டிலோ இப்படிப்பட்ட வியாதி வந்து, ஒருவன் முதுகைத் தட்ட முன்வந்தால், கையை நீட்டுமுன் அவனை மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வியாதி உடம்பின் எந்த இடத்தில் இருக்கிறது, நீ தட்டும் இடத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள். உன் வைத்தியம் பலிக்கவில்லை என்று எந்த நாளில், எந்த அடையாளத்தைக் கண்டு ஒப்புக்கொள்வாய் என்று கேளுங்கள். இந்தப் பிள்ளையின் எலும்பு எவ்வளவு கெட்டியென்று அளந்து பார்த்தாயா, நரம்பு டாக்டரின் சம்மதத்தைக் கேட்டாயா என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாதவன் எவ்வளவு பட்டத்தைச் சுவரில் மாட்டியிருந்தாலும் அவன் மேஜையில் உங்கள் பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள்.

பிள்ளை விழுந்துகொண்டிருக்கும்போது தாய் எதையும் நம்புவாள். அது அவள் குற்றமல்ல. அந்த நம்பிக்கையைக் காசாக்குவதுதான் குற்றம். விழுகிற பிள்ளைக்குக் குறி கேட்பதையும் எலும்பைத் தட்டுவதையும் விட்டு, முதலில் இரத்தத்தைப் பரிசோதிக்க அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று நான்கு பேருக்காவது எடுத்துச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் அந்த இரண்டரை வருஷம் இரண்டு மாதமாய்க் குறைந்தால், அதுவே நாம் இதை எழுதியதற்குப் போதுமான கூலியாகும்.